குடத்துக்குள் கைவிட்ட சிறுவன்

மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டுக்குப் போய், அங்கிருந்து மேற்கே திரும்பினால் உத்தரமேரூர் வரும். இன்று அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தாலும், 1997இல் மாவட்டம் பிரியும்வரை பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்தான். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகளைப் பற்றி எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை அவை சொல்கின்றன. ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலை நறுக்குகளில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சிறியவர் முதல் பெரியவர் வரை சபை கூடியிருக்க, கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் மூத்தவர் எல்லோரும் பார்க்கும்படி குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்வார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்து மாற்ற இடம் தரக் கூடாது என்பதற்காகவே இந்த விதி என்று கொள்ளலாம். அவன் வாசித்த பெயரை அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் திரும்ப வாசித்த பிறகே அந்தப் பெயர் ஏற்கப்படும். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் குடத்தில் இடமே கிடையாது.

இந்த ஏற்பாட்டை மக்களாட்சியின் தொட்டில் என்று புகழ்வது வழக்கம். அந்தப் புகழ்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. உத்தரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட ஊர். நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய, 35 வயதுக்கு மேல் 70க்கு உட்பட்ட ஆண்களுக்கு மட்டுமே அங்கே தகுதி இருந்தது. ஊரில் உழைத்தவர்களின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. ஆனாலும் அந்தச் சபை ஒன்றைத் தெளிவாக அறிந்திருந்தது: எழுதிய ஒரு துண்டு ஓலைக்குப் பலம் உண்டு, ஆகவே அதை எழுதுபவர், எடுப்பவர், வாங்குபவர், வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நடைமுறை வேண்டும். மனிதர் நல்லவராக இருந்தால் போதும் என்று அது விட்டுவிடவில்லை. பள்ளி மாணவர்களுக்கு டிஜிட்டல் குடிமையைக் கற்பிப்பது பற்றிய இன்றைய பேச்சுக்கு நான் இந்தச் சுவரிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். திருக்குறளில் குடிமை என்றே ஓர் அதிகாரம் உண்டு. நற்குடியில் பிறந்தோரின் இயல்பை அது பேசுகிறது. இன்று அதே சொல்லை, பிறப்பைப் பார்க்காமல், எல்லோரும் பெறக்கூடிய உரிமைக்கும் கடமைக்கும் வைத்திருக்கிறோம். பொருள் அப்படி மாறிவிட்டது என்றால், குடிமையைப் பிறவியிலேயே வந்ததாகக் கருத முடியாது. பழக்கித்தான் ஆக வேண்டும். இந்த வட்டாரத்தின் வரலாறு முழுவதும் இதற்குச் சாட்சி சொல்கிறது. எழுத்துக்கு ஒரு புதிய கருவி வந்தபோதெல்லாம், கருவி முன்னே போயிற்று, அதைக் கையாளும் ஒழுங்கு பின்தங்கிற்று; அந்த இடைவெளியில் அடிபட்டவர்கள் எளியவர்கள்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அந்த இடைவெளி குறைவாக இருந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்டு, செங்கல்பட்டு உட்படப் பல மாவட்ட ஆட்சியர்களிடமிருந்து பெற்ற கணக்குகளைத் தொகுத்து 1826இல் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 பேர் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினார்கள். மணல் எழுத்தைக் கையால் கலைத்துவிட்டு மறுபடியும் எழுதலாம். கை பழகிய பிறகுதான் பனையோலையும் எழுத்தாணியும் கிடைக்கும். ஓலையில் கீறியது கீறியதுதான். பிழையானால் அந்த ஓலை வீண். பிழை செய்து பழக ஓரிடம், பிழை நிலைத்துவிடும் இடத்துக்குப் போகுமுன் கொஞ்சம் காலம் என்று அந்தப் பள்ளி வைத்திருந்த வரிசை மிக நுட்பமானது. எழுத்தோடு சேர்த்தே ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடம். எண்சுவடியோடு சேர்த்தே நெல்லிலக்கமும் பொன்னிலக்கமும் பாடம். எழுதத் தெரிந்தவன் ஊரின் கணக்கையும் கடிதத்தையும் கையாளப்போகிறவன் என்பதால், நடத்தையையும் கருவியையும் அவர்கள் தனித்தனிப் பாடமாகப் பிரிக்கவில்லை. பிரம்படியும் மனப்பாடமும் சாதி விலக்கும் நிறைந்த அந்தப் பள்ளிக்கு நாம் திரும்ப வேண்டியதில்லை. மணலுக்கு அடுத்ததுதான் ஓலை என்ற அந்த வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் ஊர்க் கணக்கு கச்சேரிக் காகிதமாக மாறியபோது இடைவெளி விரிந்தது. வரலாற்றாசிரியர் பவானி ராமன் அக்காலத்து எழுத்தர்களைப் பற்றிய தன் ஆய்வில், கையெழுத்து, சான்றொப்பம், மனு, போலிப் பத்திரம் ஆகியவற்றைச் சுற்றி எழுந்த நம்பிக்கையையும் அவநம்பிக்கையையும் விரிவாகக் காட்டியிருக்கிறார். காகிதம் பேசும் மொழி தெரிந்தவன் பிழைத்தான், தெரியாதவன் அதற்குக் கட்டுப்பட்டான். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹியர் 1891இல் தன் மாவட்டத்துத் தலித் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய குறிப்பு இதன் கொடுமையைப் பதிவு செய்கிறது. தலைமுறைகளாக உழைத்த நிலத்தில் உரிமை இல்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, படிக்கப் பள்ளியும் இல்லை. நிலம், மனை, கல்வி மூன்றும் வேண்டும் என்று அவர் எழுதியதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணையே தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. இதைப் படிக்கும்போது ஒன்று விளங்கும். எழுத்தைப் பொறுப்போடு கையாளு என்று ஒருவருக்குச் சொல்லும் அதே வாயால், அந்த எழுத்தில் உனக்கும் உரிமை உண்டு என்றும் சொல்ல வேண்டும். உரிமையைத் தராமல் பொறுப்பை மட்டும் கேட்டால் அதற்குப் பெயர் அடக்குமுறை. டிஜிட்டல் குடிமைப் பாடத்தை எழுதுகிறவர்கள் செங்கல்பட்டின் இந்தக் குறிப்பையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறைமலைநகர் தன் பெயரிலேயே எழுத்தின் பொறுப்பைச் சுமக்கும் ஊர். சென்னையின் நெரிசலைக் குறைக்கத் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட இந்தத் துணைநகரத்துக்கு, பல்லாவரத்தில் வாழ்ந்து மறைந்த மறைமலையடிகளின் (1876–1950) பெயரை வைத்தார்கள். வேதாசலம் என்ற தன் பெயரையே தமிழாக்கிக்கொண்ட அவர், 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, ஞானசாகரம் என்ற தன் இதழையும் அறிவுக்கடல் ஆக்கினார். தான் முன்பு எழுதிய நூல்களின் நடையையும் பின்வந்த பதிப்புகளில் திருத்தினார். தனித்தமிழ்க் கொள்கையை ஏற்பவரும் மறுப்பவரும் உண்டு. ஆனால் அச்சில் ஏறிய தன் சொல்லுக்குத் தானே பொறுப்பு, அது தவறு என்று பட்டால் எல்லோரும் அறியத் திருத்துவதும் தன் கடமை என்று வாழ்ந்த மனிதர் அவர் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. அச்சகம், பதிப்பாசிரியர், மெய்ப்புப் பார்ப்பவர், மறுப்புக் கட்டுரை எழுதும் எதிர்த்தரப்பு என்று அச்சுலகம் தனக்கென ஒழுங்குகளை வளர்த்துக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அவகாசம் இருந்தது. இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் அச்சகமும் தபால் நிலையமும் படப்பிடிப்புக் கூடமும் ஒன்றாகச் சேர்ந்த கருவி இருக்கிறது. மெய்ப்புப் பார்க்க மட்டும் பக்கத்தில் யாரும் இல்லை.

இது எப்படி நேர்ந்தது என்பதற்கு 2011ஆம் ஆண்டு நல்ல சான்று. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் 1995 ஆகஸ்டில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு, இப்பகுதியின் ஜி.எஸ்.டி. சாலையோர ஊர்களில் ஒரு மாணவர் இணையத்தைப் பார்த்தது பெரும்பாலும் பிரௌசிங் சென்டரில்தான். 2011 ஏப்ரலில் மத்திய அரசு அந்த மையங்களுக்கு விதிகளை வெளியிட்டது. அடையாள அட்டை பார்க்க வேண்டும், பதிவேட்டை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும், தடுப்புப் பலகையின் உயரம் நாலரை அடியைத் தாண்டக் கூடாது, பெற்றோரோ பாதுகாவலரோ உடனில்லாத சிறுவர்களைத் தடுப்புக்குள் உட்கார விடக் கூடாது. அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அதைப் பெற்றார்கள் என்பது அரசின் கணக்கு. கணினியைத் தொட்டே பார்த்திராத வீடுகளுக்கு அதைக் கொண்டுபோன அந்தத் திட்டத்தின் அருமையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் சிந்தனையில் இருந்த ஓட்டை தெரிகிறது. பொறுப்பு என்பது பலகையின் உயரம் என்று ஒரு விதி நினைத்தது. அந்தப் பலகைக்கே இடமில்லாத வீட்டு மூலைக்குக் கணினியை இன்னொரு திட்டம் கொண்டுசேர்த்தது. நடுவில் இருக்க வேண்டிய பாடம் இரண்டிலும் இல்லை.

பாடம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தின் 11ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் கணினி நன்னெறியும் இணையப் பாதுகாப்பும் பற்றி ஓர் இயல் இருக்கிறது. மொத்தம் 18 இயல்களில் அது 17ஆவது. கணினிப் பிரிவை எடுத்த மாணவர் மட்டுமே அதைப் படிப்பார். அதுவும் பதினாறு வயதில், ஆண்டின் கடைசியில், தேர்வு நெருங்கும் அவசரத்தில். கணினிப் பாடமே இல்லாத பிரிவுகளில் படிப்பவருக்கு அது கிடைப்பதில்லை. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவருக்கு வாய்ப்பே இல்லை. மணலில் பழகுமுன் ஓலையைக் கொடுத்து, ஓலை எழுதி முடித்த பிறகு மணலைக் காட்டுவது போன்ற வரிசை இது. பிறகு 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. நடுவில் கழிந்த அத்தனை மாதங்களில் பள்ளிக்கூடமே செல்போனுக்குள் போய்விட்டது. இணையவழி வகுப்புகளில் நடந்த அத்துமீறல்கள் பற்றிப் புகார்கள் எழுந்த பிறகே, 2021 மே மாதத்தில், வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும், வகுப்பறைக்கு ஏற்ற உடையில் இருக்க வேண்டும் என்ற வழிமுறைகளை அரசு வகுத்தது. கருவி முன்னே, ஒழுங்கு பின்னே என்ற பழைய கதைதான் மறுபடியும் நடந்தது.

அந்த இடைவெளியின் விலை என்ன என்பதை பெருந்தொற்றுக்கு முன்பே, 2018 மே மாதம் காட்டியிருந்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் வட மாவட்டங்கள் எங்கும் பரவியிருந்த நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த வயதான பெண்மணி ஒருவரை ஒரு கூட்டமே அடித்துக் கொன்றது. அந்த வதந்தியை எழுதியவரைவிட, தன் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிட்டவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். உத்தரமேரூரில் ஒருவன் வாசித்த ஒரு பெயரை ஏற்கவே நம்பிமார் அனைவரும் திரும்ப வாசித்தார்கள். இங்கே ஓர் உயிரை எடுக்கும் செய்தியை ஒருவர்கூட இரண்டாம் முறை வாசிக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. நல்ல மாற்றம்தான். ஆனால் ஐந்து பேருக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் பழக்கத்தை எந்த நிறுவனமும் பொத்தானில் வைத்துத் தர முடியாது.

இந்த இடத்தில் வழக்கமாக எழும் முதல் மறுப்பு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லித்தருவது, பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருகிறார்கள் என்பது. 2001இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்க எழுத்தாளர் இவர்களை டிஜிட்டல் உலகின் பிறவிக் குடிகள் என்ற பொருளில் அழைத்ததிலிருந்து உலகெங்கும் இந்த நம்பிக்கை பரவியது. குடிமையைப் பிறப்போடு கட்டிய பழைய பொருளே புது வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது. திரையில் விரல் வேகமாக ஓடுவது வேறு, அந்த விரல் செய்யும் காரியத்தின் பின்விளைவு தெரிவது வேறு. மறைமலைநகரைப் போன்ற தொழிற்பேட்டை ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் ஷிப்டு வேலைக்குப் போகும் வீடுகளில், அவர்களுடைய வங்கிச் செயலியைப் போனில் ஏற்றித் தருவதும், இணையத்தில் விண்ணப்பம் நிரப்புவதும், ஓடிபி வாசித்துச் சொல்வதும் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைதான். பழைய ஊர்க்கணக்கர் வேலையைப் பதின்மூன்று வயதில் செய்கிறது அந்தப் பிள்ளை. பணம் பெறுவதற்கு ரகசிய எண் (PIN) போடத் தேவையே இல்லை என்ற ஒரே ஒரு உண்மை அதற்குத் தெரிந்திருந்தால், வீட்டின் ஒரு மாதச் சம்பளம் தப்பும். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே இணைய மோசடிக்கான 1930 உதவி எண்ணை அழைக்கத் தெரிந்திருந்தால், போனதில் ஒரு பகுதியாவது திரும்ப வாய்ப்புண்டு. இதைப் பெற்றோரே சொல்லித்தரட்டும் என்பவர்கள், பெற்றோருக்குச் சொல்லித்தருவதே இந்தப் பிள்ளைகள்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: செல்போனையே தடை செய்துவிட்டால் போயிற்று. நம் பொதுவாழ்வு இதுவரை பெரும்பாலும் இந்த வழியில்தான் போயிருக்கிறது. 2017இல் புளூவேல் விளையாட்டு, 2019இல் டிக்டாக் என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை அடுத்தடுத்துத் தலையிட நேர்ந்தது. இணையச் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழக அரசு 2022இல் சட்டம் இயற்றியது. நள்ளிரவு முதல் அதிகாலை ஐந்து மணிவரை பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடுக்கும் விதி 2025இல் வந்தது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைப்பதை ஆஸ்திரேலியா 2025 டிசம்பரிலிருந்து தடுத்திருக்கிறது. வகுப்பு நேரத்தில் செல்போன் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். சில தடைகள் உயிர் காப்பவை. ஆனால் தடையால் காலத்தைத் தள்ளிப்போடத்தான் முடியும். நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2023), 18 வயது நிரம்பாதவரைத் தானாக ஒப்புதல் தர இயலாத குழந்தையாகக் கொண்டு பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. 18ஆவது பிறந்தநாள் காலையில் அதே பிள்ளை ஓட்டுப் போடலாம், கடன் வாங்கலாம், எந்த நிபந்தனைக்கும் ஒப்புதல் தரலாம். முந்தைய நாள்வரை ஒன்றுமே பழகாதவருக்கு மறுநாள் எல்லாமே தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? தடையும் பாடமும் ஒன்றுக்கொன்று எதிரிகள் இல்லை. தடை தரும் அவகாசத்தைப் பாடத்தால் நிரப்பாவிட்டால் அந்த அவகாசம் வீண்.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே தலைக்குமேல் வேலை, இதில் இன்னொரு பாடமா என்ற கேள்வி நேர்மையானது. பதிவேடுகளும் செயலிகளும் தேர்வுகளும் அவர்களுடைய நேரத்தை விழுங்குவது உண்மை. புதிதாக ஒரு பாடநூலும் ஒரு தேர்வும் சேர்த்தால், இதுவும் 17ஆவது இயலாகத்தான் போகும். இருக்கும் பாடங்களுக்குள்ளேயே செய்ய முடியும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் சான்று இருக்கிறது. தட்டம்மை தடுப்பூசியைப் பற்றி வாட்ஸ்அப் வதந்தி பரவிய அனுபவத்துக்குப் பின், கேரளத்தின் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை இனம் காணும் வகுப்புகளைத் தொடங்கியது. பிறகு மாநில அளவில் அது விரிந்து, 2024இல் ஐந்தாம், ஏழாம் வகுப்புகளின் தகவல் தொழில்நுட்ப நூல்களிலேயே செய்தியைச் சரிபார்க்கும் பாடம் இடம்பெற்றது. நம்மிடம் சுமார் 6,000 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. தமிழாசிரியர் கடிதம் எழுதும் பாடத்தில், ஊரைச் சுற்றும் ஒரு ஃபார்வர்டைக் கரும்பலகையில் எழுதிப் போடட்டும். எழுதியவர் யார், எந்தத் தேதி, எந்த ஊர், இதை நம்பினால் யாருக்கு அடி விழும் என்று நான்கு கேள்வி கேட்கட்டும். கணக்காசிரியர் வட்டிக் கணக்கில் உடனடிக் கடன் செயலியின் உண்மையான வட்டியைப் போட்டுக் காட்டட்டும். அறிவியல் ஆசிரியர், அழித்துவிட்டதாக நினைக்கும் புகைப்படம் எங்கே போகிறது என்று கேட்டு, மேகம் என்று நாம் சொல்வது சிறுசேரி சிப்காட்டில் இருப்பது போன்ற ஒரு தரவு மையக் கட்டடம் என்று விளக்கட்டும். வரலாற்று ஆசிரியருக்கு உத்தரமேரூர் இருக்கவே இருக்கிறது.

கடைசியாக ஒன்று, எனக்கு மிக முக்கியமாகப் படும் மறுப்பு. பல்லாயிரம் கோடி மதிப்புள்ள நிறுவனங்கள் பிள்ளைகளின் கவனத்தைப் பிடித்து வைக்கவே செயலிகளைச் செதுக்கும்போது, பொறுப்பைக் குழந்தையின் தலையில் சுமத்துவது அநியாயம் இல்லையா? அநியாயம்தான், பாடம் கடமையோடு நின்றுவிட்டால். அப்படி நின்றுவிடும் ஆபத்து நம்மிடம் அதிகம். விழிப்புணர்வுக் கூட்டம் என்ற பெயரில் படம் போடாதே, பேசாதே, வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று பெண் பிள்ளைகளை மட்டும் பார்த்துச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அவளுடைய படத்தை அனுமதியின்றி எடுத்தவனிடமும், அதை ரசித்து அனுப்பியவனிடமும் பேச்சே இல்லை. அந்தப் பேச்சால் அவள் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மிரட்டல் வந்தால் மறைத்துவிட வேண்டும். மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அதுவே. டிரெமன்ஹியரின் குறிப்பு நினைவூட்டிய பாடம் இங்கே பொருந்தும். உன் படம் உன்னுடையது, கேட்காமல் எடுத்தால் குற்றம் அவனுடையது, குழந்தைகள் உதவி எண் 1098க்கோ பள்ளிக் கல்வி உதவி எண் 14417க்கோ சொன்னால் உன்னை யாரும் குற்றவாளியாக்கக் கூடாது என்று உரிமையை முதலில் சொல்லும் பாடமே குடிமைப் பாடம். ஒரு நிறுவனம் தன்னைப் பற்றி என்ன சேகரிக்கிறது என்று கேட்கவும், அதை நீக்கச் சொல்லவும், எந்த அலுவலகத்தில் முறையிடலாம் என்று அறியவும் பழகிய பிள்ளைதான் நாளை அந்த நிறுவனங்களைச் சட்டத்தின் முன் நிறுத்தும் குடிமகளாக வளரும்.

ஆகவே கேட்பது பெரிய செலவு பிடிக்கும் திட்டம் எதுவும் இல்லை. பிள்ளையின் கையில் சொந்தச் செல்போன் சேருமுன், ஆறாம் வகுப்பிலேயே தொடங்கி, எல்லாப் பிரிவினருக்கும், எல்லாப் பாடங்களின் ஊடாகவும், பிழை செய்தால் கலைத்து எழுத இடம் தரும் ஒரு மணல் வேண்டும். பள்ளியின் சொந்தக் கணினியில், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, தன் வகுப்புக்குள் மட்டும் செல்லும் செய்தியை எழுதவும், தவறு என்று தெரிந்தால் எல்லோர் முன்னும் திருத்தவும், இன்னொருவர் படத்தைப் போடுமுன் அவரைக் கேட்கவும் அங்கே பழகலாம். உத்தரமேரூர்ச் சபை குடத்துக்குள் என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனைத் தேர்ந்தெடுத்தது. அந்த அறியாமை அன்று நேர்மைக்கு உத்தரவாதம். அவனைச் சுற்றிப் பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், குடம் எல்லோர் கண்ணிலும் பட்டது, ஓலையை வாங்கிய கை விரிந்திருந்தது. இன்றும் நம் பிள்ளைகள் உள்ளே இருப்பது தெரியாமலேயே கைவிட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். குடத்தை வைத்திருப்பவர் யார் என்று தெரியவில்லை, வாங்கும் கை விரிந்திருக்கிறதா என்றும் தெரியவில்லை, பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை. பள்ளிக்கூடம் முதலில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்; பிறகு, குடத்துக்குள் இருப்பதைத் தானே வாசிக்க அதற்குக் கற்றுத்தர வேண்டும்.